பக்கத்துக் கட்டிலின் ஸ்தோத்திரம்

வாரத்தில் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் நான்கு மணி நேரம், சிமெண்ட் கடை முதலாளி அசையக்கூடாது. இடது கையில் இரண்டு தடித்த ஊசிகள். ஒன்றின் வழியே ரத்தம் டயாலிசிஸ் இயந்திரத்துக்குப் போய், மற்றொன்றின் வழியே திரும்பி வரும். பணத்தைத் தண்ணீராய் இறைத்த மனிதருக்கு இப்போது நாளைக்கு அரை லிட்டர் தண்ணீர்தான் அனுமதி.

தனி அறை எடுத்திருந்தார். பார்த்தால் சுவர். திரும்பிப் பார்த்தால் இன்னொரு சுவர். தன் வீட்டு வேலைக்காரன்கூட நினைத்தபோது எழுந்து நடக்கிறான் என்று நெஞ்சு எரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை அந்த அறையின் இயந்திரம் மக்கர் பண்ணியது. பொது வார்டில் படுக்க வைத்தார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு தையல்காரம்மா. ஊசி ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே, பஸ்ல உக்கார இடம் கிடைச்சதுக்கு. ஸ்தோத்திரம், அந்த நீலக் கவுன் ஒரே தடவையில சரியா வந்ததுக்கு."

அவரும் சர்ச்சுக்குப் போகிறவர்தான். முன்வரிசை, பெரிய காணிக்கை. ஆனால் இந்தக் கணக்கு அவருக்குப் புரியவில்லை.

"ஏம்மா, நம்மளக் கட்டிப் போட்டிருக்காங்க. இதுல ஸ்தோத்திரம் வேறயா?"

"கட்டிப் போட்டது நிஜம்தாண்ணே. நானும் அழுதிருக்கேன். ஆண்டவர்கிட்ட புதுக் கிட்னி கேட்டுக் கேட்டு வாய் வலிச்சுப் போச்சு. தரலை."

"அப்புறம் என்ன?"

"தரலைதான். ஆனா எழுந்து போயிடலையே. நாலு மணி நேரமும் கூடவே இருக்காரு."

பைத்தியம் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆனால் வியாழக்கிழமை, "ஐயா, உங்க ரூம் ரெடி" என்று நர்ஸ் சொன்னபோது, அந்தச் சுவர்களை நினைத்தாலே மூச்சு முட்டியது. "இங்கயே இருக்கேம்மா" என்றார்.

அன்றைக்குப் பாதியில் தையல்காரம்மாவின் பேச்சு நின்றது. முகம் வெளுத்து, வேர்த்து, தலை சாய்ந்தது. இயந்திரம் அலறியது. அவர் எழப் பார்த்தார், குழாய் இழுத்தது.

"சிஸ்டர்! சிஸ்டர்!"

நர்ஸ்கள் ஓடிவந்து கட்டிலின் தலைமாட்டைத் தாழ்த்தி, சலைனை ஓடவிட்டார்கள். ஒரு போனில் ஊரையே ஓட வைத்தவர், கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் செய்ய முடியாமல் கிடந்தார்.

"ஆண்டவரே" என்றார். இத்தனை வருஷமும் ஆண்டவரிடம் பேசியதெல்லாம் ஆர்டர் கொடுக்கிற தோரணையில்தான். "இங்க இருக்கீங்களா?" என்று மட்டும் கேட்டார். பதில் குரல் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் தனியாக இல்லை என்று தோன்றியது, கண் கலங்கிவிட்டது.

சற்று நேரத்தில் அவள் கண் திறந்தாள். "பயந்துட்டீங்களாண்ணே?"

"ஆமாம்மா." பயம் என்று அவர் யாரிடமும் ஒப்புக்கொண்டதே இல்லை. பிறகு, பழக்கமில்லாத நாக்கால், "ஸ்தோத்திரம்" என்றார்.

"அவ்வளவுதானா? இன்னும் ரெண்டு மணி நேரம் கிடக்கு."

அவர் யோசித்தார். "காலையில மருமக வந்து போர்வைய இழுத்துப் போத்தி விட்டா. நான் திரும்பிக்கூடப் பார்க்கல. அதுக்கு ஸ்தோத்திரம்."

ஊசிகள் அப்படியே இருந்தன. எழுந்து ஓடிவிடும் ஆசையும் போகவில்லை. ஆனாலும் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போனார். கடையும் பங்களாவும் அதில் வரவே இல்லை. அதை அவர் கவனிக்கவும் இல்லை.