முன்னால் போடும் படம்

கம்சனா மண்டையை உடைத்துக்கொண்டு வருடக்கணக்கில் செய்த ஆராய்ச்சி, கார்ட்டூன் பற்றியது. அந்தக் காலத்துத் தியேட்டரில் பெரிய படம் தொடங்குமுன் ஏழு நிமிடம் ஓடிய குட்டிப் படங்கள். அமெரிக்காவில் ஒரு ஸ்டூடியோ அவற்றை எடுத்துத் தள்ளியது. அந்த ஏழு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கில் படம் கீற வேண்டும். கீறியவர்கள் சனம் சிரிக்கிறதா என்று பார்க்கத் தியேட்டருக்குப் போய்ப் பின்னால் நிற்பார்களாம். சனமோ இருட்டில் இருக்கை தேடிக்கொண்டிருக்கும். பிறகு டிவி வந்தது. தியேட்டர்காரர் குட்டிப் படம் வேண்டாம் என்றார்கள். ஸ்டூடியோவும் அந்தப் பிரிவை இழுத்து மூடிவிட்டது.

இதை யாரிடம் சொன்னாலும், "பிள்ளையளின்ரை படமோ?" என்று கேட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார்கள். அம்மா பவளம் அதைக்கூடக் கேட்டதில்லை. மகள் கம்ப்யூட்டர் படிக்கிறாள் என்று தான் இருக்கும் பான் நகரத்தில் எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார்.

ஆகவே, அவள் படிக்கும் நகரத்தில் நொய்கெல்ன் என்ற பகுதியிலுள்ள ஒரு சின்னத் தியேட்டர் அந்தப் படங்களில் சிலதைப் போட்டு, அவளைப் பேசவும் அழைத்தபோது, கம்சனா ஒரே ஒருவரைத்தான் கூப்பிட்டாள்.

"அம்மா, ஒருக்கா வந்து பாருங்கோ. நான் என்ன செய்யிறன் எண்டு விளங்கும்."

"வாறன் பிள்ளை."

முன்வரிசையில் ஓர் இருக்கையில் தன் கோட்டைப் போட்டு இடம் பிடித்து வைத்தாள். அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில தலைகள். அதில் ஒரு கிழவர் விளக்கு அணையுமுன்பே நித்திரை. கதவைப் பார்த்தபடியே பேசி முடித்தாள். கதவு திறக்கவில்லை. படங்கள் ஓடின. சிலர் சிரித்தார்கள். அம்மா வராமல் விட்டுவிட்டாரே என்று, இருக்கையில் போட்டிருந்த கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

முடிந்து வெளியே வந்தால், பட்டுச்சேலையும் மடியில் ரோல்ஸ் பலகாரப் பையுமாக வாசல் மண்டபத்துச் சோபாவில் பவளம்.

"அம்மா! எப்ப வந்தனீங்கள்?"

"நான் நேரத்தோடை வந்திட்டன். உள்ளுக்கு என்ன போகுது எண்டு கேட்டன். கார்ட்டூன் எண்டாள் ரிக்கற் குடுக்கிற பிள்ளை. சரி, முன்னுக்குப் போடுறது முடியட்டும், உன்ரை படம் துவங்கேக்கை போவம் எண்டு இருந்தன். ஊரிலையும் நாங்கள் அப்பிடித்தானே போறது. எப்ப உன்ரை படம்?"

"அதுதான் அம்மா என்ரை படம். முடிஞ்சுது."

பவளத்தின் முகம் சுருங்கிப் போனது. "திருப்பிப் போடச் சொல்லிக் கேளன்."

"ஏலாது அம்மா. அடுத்த படத்துக்குச் சனம் உள்ளுக்குப் போகுது."

கோபிக்கவும் முடியவில்லை. அவள் எழுதிய ஆராய்ச்சி முழுக்கப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு சோபாவில் வந்து உட்கார்ந்திருந்தால் யாரைக் கோபிப்பது?

ஊபான் சுரங்க ரயிலில் வீட்டுக்குப் போகும்போது பவளத்தின் கைத்தொலைபேசி அடித்தது. பான் நகரத்திலிருந்து சிநேகிதி பிளோறன்ஸ்.

"ஓம் பிளோறன்ஸ், பாத்தனான். பெரிய படம். சனம் நிரம்பி வழிஞ்சுது. இவள் மேடையிலை ஏறிப் பேசினவள். எல்லாரும் எழும்பி நிண்டு கைதட்டினவை."

தன் வேலையைப் பற்றி அம்மா இவ்வளவு பெருமையாகப் பேசிக் கம்சனா கேட்டதே இல்லை. பார்த்திருந்தால் இப்படிப் பேசியிருக்க மாட்டார். தோளோடு தோள் முட்ட உட்கார்ந்திருந்தும், வெறிச்சோடிய தியேட்டரில் நின்று பேசியதைவிட இப்போதுதான் தான் தனி என்று அவளுக்குப் பட்டது.

பவளம் தொலைபேசியைக் கையால் பொத்திக்கொண்டு, "எவ்வளவு நேரப் படம் எண்டு கேக்கிறா. என்ன சொல்ல?" என்றார்.

"ரெண்டரை மணித்தியாலம் எண்டு சொல்லுங்கோ," என்றாள் கம்சனா.