எதிர்ப்பு: ஒன்று

கடிதம் வந்த நேரத்தில் கண்ணாடியக்கா கடைக்குள் மண்டி போட்டு, தரையில் விழுந்த ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தாள். மூக்குக்கண்ணாடித் திருகாணி கீழே விழுந்தால் கிடைப்பது அவரவர் நல்ல நேரம். தபால்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். உறையில் கட்சித் தலைமையகத்தின் முத்திரையைப் பார்த்ததும் அவளுக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. இருபத்திரண்டு வருஷமாகக் கட்சிக்கு உழைக்கிறவள். சுவரொட்டிக்குப் பசை காய்ச்சியதில் ஆரம்பித்து, வெயிலில் வீடு வீடாக வாக்காளர் சீட்டுக் கொடுத்தது வரை எல்லாம் பார்த்தாயிற்று. இத்தனை வருஷத்தில் தலைமையகம் அவளுக்கு ஒரு வரி எழுதியதில்லை. இப்போதாவது கண் திறந்தார்களே என்று நினைத்துக்கொண்டு உறையைப் பிரித்தாள்.

படித்தாள். புரியவில்லை. தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தாள். கண்ணாடியில் குற்றமில்லை.

மாநிலக் குழு உறுப்பினராகிய தாங்கள் ஏழாம் தீர்மானத்தை எதிர்த்து வாக்களித்துள்ளீர்கள் என்றது கடிதம். ஆதரவு இருநூற்று நாற்பது, எதிர்ப்பு ஒன்று. அந்த ஒன்று தாங்களே. கட்சியின் அடிப்படை உறுப்பினர் பொறுப்பிலிருந்து தங்களை ஏன் நீக்கக்கூடாது என்பதற்கு வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு விசாரணைக் குழு முன் நேரில் விளக்கம் தரவும்.

அவள் வார்டு மகளிர் அணிச் செயலாளர். அதற்கு மேல் ஒரு படிகூட ஏறியதில்லை. மாநிலக் குழு என்றால் மேடையில் முதல் வரிசை, கழுத்தில் பட்டை, காரில் கொடி. அந்தக் கூட்டம் எந்தக் கட்டடத்தில் நடக்கும் என்றுகூட அவளுக்குத் தெரியாது. வேறு யாருக்கோ வந்தது விலாசம் மாறி வந்துவிட்டதோ என்று கைப்பையிலிருந்து உறுப்பினர் அட்டையை எடுத்து ஒத்துப் பார்த்தாள். பெயர், அப்பா பெயர், வார்டு, எண் எல்லாம் அவளுடையதுதான். தூக்கத்தில் எழுந்து போய் ஓட்டுப் போட்டுவிட்டு வந்து படுத்துக்கொண்டோமா என்றுகூட ஒரு நிமிஷம் யோசித்தாள். அந்த அளவுக்குக் குழம்பிப் போயிருந்தாள்.

சாயங்காலத்துக்குள் குழப்பம் இரட்டிப்பானது. எங்கிருந்தோ அவள் எண்ணைப் பிடித்து, முன்பின் தெரியாத பெண்கள் போன் செய்தார்கள். ஒருத்தி வாழ்த்துச் சொன்னாள். இன்னொருத்தி, உனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். மூன்றாவதாகப் பேசியவள் ஏதோ தூரத்து மாவட்டம். குரலைத் தாழ்த்திப் பேசினாள்.

"அக்கா, நானும் எதிர்த்துத்தான் போட்டிருப்பேன். ஆனா எனக்குத் தாளே வரல."

என்ன தாள் என்று கேட்பதற்குள் இணைப்புப் போய்விட்டது.

வீட்டுக்காரரிடம் சொன்னால், நீக்கினால் நீக்கிவிட்டுப் போகட்டும், ஞாயிற்றுக்கிழமையாவது வீட்டில் இருப்பாய் என்றார். அவருக்கு அது அவ்வளவுதான். இவளுக்கு அப்படியில்லை. பத்தொன்பது வயதில் வாங்கிய அட்டை அது. கல்யாணத்துக்கு முன்னாலேயே அவளுக்கென்று இருந்த ஒரே விலாசம். அதைப் பிடுங்கிக்கொண்டால் தான் யார் என்று அவளுக்கே சொல்லத் தெரியாது. அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் காலை தங்கை வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். மாவட்ட அலுவலகத்தில் எழுத்தர். பூனை மாதிரி வந்து உட்கார்ந்து, கண்ணாடி மூக்கில் நிற்கவில்லை, கொஞ்சம் சரிசெய்து கொடுங்கள் என்று கழற்றி நீட்டினார். நன்றாகத்தான் இருந்தது. ஆள் எதையோ மென்று விழுங்குகிறார் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கடிதத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். கண்ணாடி இல்லாமலே படித்துவிட்டார். ஏற்கெனவே தெரிந்தவர்தானே.

அப்புறம் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. ஆறு வருஷத்துக்கு முன்னால் தேசியத் தலைமை ஓர் உத்தரவு போட்டதாம். எல்லா மாநிலக் குழுக்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் இருக்க வேண்டும். இந்த மாவட்டத்துக்கு நான்கு பெண்கள். மாவட்டச் செயலாளரை எல்லோரும் மாவட்டம் என்றே கூப்பிடுவார்கள். அந்த மாவட்டம் நான்கு பெயரைச் சொன்னார், எழுத்தர் எழுதி அனுப்பினார். அந்த நான்கு பேருக்கும் அதைச் சொல்ல வேண்டும் என்று மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. தலைமையகத்திலிருந்து வாக்குத் தாள் வரும். ஆளுக்கு ஒன்று. ஆதரவு, எதிர்ப்பு என்று இரண்டு கட்டம், கீழே கையெழுத்து. நான்கு பெண்களின் தாளையும் எழுத்தரே நிரப்பி, எழுத்தரே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுவார். ஆறு வருஷமாக இதுதான் வழக்கம்.

"அப்போ எதிர்ப்புன்னு ஏன் மாப்ள போட்டீங்க?" என்று கேட்டாள்.

அதுதான் கூத்து. போன தடவை தலைமையகத்தில் யாரோ ஒரு புண்ணியவான், உங்கள் மாவட்டத்துப் பெண்கள் எல்லோரும் எப்போதும் ஆதரவு, எப்போதும் ஒரே மை, என்ன சமாச்சாரம் என்று கேட்டுவிட்டாராம். மாவட்டம் உடனே எழுத்தரைக் கூப்பிட்டார். இந்தத் தடவை ஒன்றாவது எதிர்ப்புப் போடு, அப்போதுதான் இயல்பாக இருக்கும் என்று சொல்லியிருக்கிறார். மற்ற மாவட்டங்களிலும் நாலு எதிர்ப்பு வரும், அதில் இது கரைந்துவிடும் என்று கணக்கு. மாநிலம் முழுக்க வேறு ஒரு எதிர்ப்புகூட வரவில்லை.

"நாலு பேர்ல என்னை எதுக்குப் புடிச்சீங்க?"

"வேற யார் பேர்ல போட்டாலும் சண்டைக்கு வருவாங்கக்கா. நீங்க நம்ம வீட்டு ஆளு."

சிரிப்பதா அழுவதா என்று அவளுக்குத் தெரியவில்லை. கையிலிருந்த கண்ணாடியின் காதுக் கம்பியை ஏதோ ஞாபகத்தில் வளைத்துக்கொண்டே இருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மாவட்டத்திடம் போய் நின்றது நினைவுக்கு வந்தது. வட்டக் குழுவிலாவது ஒரு இடம் கொடுங்கள் என்று கேட்டிருந்தாள். பொறுமையாக இரும்மா, உனக்கு இன்னும் அனுபவம் போதாது என்று தோளில் தட்டாத குறையாக அனுப்பிவைத்தார். அன்றைக்கே அவள் மாநிலக் குழுவில் நான்கு வருஷ உறுப்பினர். அவருக்கும் மேலே உட்கார்ந்துகொண்டு அவரிடமே போய்க் கைகட்டி நின்றிருக்கிறாள். அதை நினைத்ததும் கோபத்தில் அவள் காதெல்லாம் சூடானது. ஆனால் எதிரே உட்கார்ந்து திருதிருவென முழிக்கிறவர் தங்கையின் புருஷன். உண்மையைச் சொன்னால் அவர் வேலை போகும். தங்கைக்கு இரண்டு பிள்ளைகள், சின்னது இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிறது. சொல்லாவிட்டால் இவள் அட்டை போகும்.

மாவட்டம் வழியும் சொல்லி அனுப்பியிருந்தார். குடும்பக் கவலையில் கட்டம் மாறிக் குறித்துவிட்டேன், மன்னிக்கவும் என்று ஒரு கடிதம் தட்டச்சாகி வந்திருந்தது. வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு முன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் எச்சரித்து விட்டுவிடுவார்கள். ஒரே ஒரு சிக்கல். கோப்பில் உள்ள கையெழுத்தும் இதுவும் ஒத்துப்போக வேண்டும். எழுத்தர் சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து, அவள் கையெழுத்தை அவளுக்குப் போட்டுக் காட்டினார். முதல் எழுத்தில் பெரிய சுழி, கடைசியில் ஒரு நீண்ட வால், வாலுக்கு அடியில் இரண்டு புள்ளி. அவளுடைய சொந்தக் கையெழுத்தோ பள்ளிக்கூடப் பிள்ளை பெயர் எழுதுவது போல் எழுத்தெழுத்தாக இருக்கும். இது எவ்வளவோ அழகு. இரண்டு நாள் பழகிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்.

பழகினாள். வேறென்ன செய்வாள்? பழைய பில் புத்தகத்தின் பின்பக்கமெல்லாம் சுழியும் வாலுமாக நிரம்பியது. வியாழக்கிழமை மத்தியானம் வாடிக்கையாளர் ஒருவருக்கு ரசீது எழுதும்போது கை தானாக அந்த வாலை இழுத்துவிட்டது. அதைப் பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. எது தன் கையெழுத்து என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தலைமையகத்தின் மூன்றாவது மாடி. நீளமான மேசை, அதன் மேல் கட்டுக் கட்டாகக் கோப்பு, ஓடாத கடிகாரம் ஒன்று. மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் விசாரணைத் தலைவர், வழுக்கை வக்கீல். அவருக்கு வலப்பக்கம் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற ஒருவர். இடப்பக்கம் நரைத்த கொண்டையோடு ஒரு பெண். பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், பெண்ணும் ஒருவர் இருக்க வேண்டும் என்பதற்காக உட்காரவைக்கப்பட்டவர் என்று பார்த்தாலே தெரிந்தது. அவர் கண்ணாடியில் ஒரு பக்கத் திருகாணி தளர்ந்து, காதுக் கம்பி ஆடிக்கொண்டிருந்தது. அதை மட்டும் கண்ணாடியக்கா உடனே கவனித்தாள். விசாரணைக் குறிப்பு எழுத வேண்டிய ஆள் விடுப்பாம். கூட வந்த மாவட்ட எழுத்தரையே உட்கார்ந்து எழுதச் சொல்லிவிட்டார்கள். ஆறு வருஷமாக அவளுக்காக எழுதியவர், இன்றைக்கும் அவரே. மாவட்டம் வாசல் பக்கம் நாற்காலி போட்டு, யாரோ போல உட்கார்ந்திருந்தார்.

முதலில் வருகைப் பதிவு. கையெழுத்துப் போடுங்கள் என்று பதிவேட்டைத் தள்ளினார்கள். இரண்டு நாள் பழகியும், பேனாவைக் கையில் எடுத்ததும் பதற்றத்தில் அவள் தன் பெயரை எழுத்தெழுத்தாகவே எழுதிவிட்டாள். தலைவர் கோப்பைப் புரட்டி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். நெற்றி சுருங்கியது.

"நீங்க அவங்கதானா?" என்றார்.

உறுப்பினர் அட்டையை நீட்டினாள். அட்டையில் படம் இருக்கிறது, முகம் ஒத்துப்போகிறது, கையெழுத்து ஒத்துப்போகவில்லையே என்றார். ஆறு வருஷத்தில் பதினெட்டுத் தாள், பதினெட்டிலும் ஒரே கையெழுத்து. இன்று வந்திருப்பவர் போட்டதுதான் வேறு. ஆள் மாற்றி அனுப்பியிருக்கிறார்களா என்று அவர் மாவட்டத்தைப் பார்த்துக் கேட்டார். வலப்பக்கத்தவர் தலையாட்டினார். எழுத்தரின் நெற்றியிலிருந்து வியர்வை தாளில் சொட்டியது. கண்ணாடியக்காவுக்கு ஒரு கணம் தான் தானில்லையோ என்றே பட்டது. வாலும் சுழியுமாக ஒருத்தி ஆறு வருஷமாக இந்தக் கட்டடத்தில் உறுப்பினராக வாழ்ந்திருக்கிறாள். உயிரோடு வந்து நிற்கிற இவள்தான் அந்நியம்.

மாவட்டம் எழுந்து, பதற்றத்தில் கை நடுங்கியிருக்கும், மறுபடி போடச் சொல்லுங்கள் என்றார். மன்னிப்புக் கடிதம் அவள் முன்னால் வந்தது. பேனாவை எடுத்தாள். அப்போதுதான் அவளுக்கு ஒன்று தோன்றியது. இவ்வளவு ரகளைக்கும் காரணமான தீர்மானம் என்னவென்று அவள் இதுவரை படிக்கவே இல்லை. எதற்காக மன்னிப்புக் கேட்கிறோம் என்றாவது தெரிய வேண்டாமா?

"ஏழாம் தீர்மானத்தைக் கொஞ்சம் காட்டுறீங்களா?" என்று கேட்டாள்.

போட்ட ஓட்டு எதற்கென்று தெரியாதா என்று தலைவர் முணுமுணுத்தார். பேராசிரியை கோப்பைத் திருப்பி அவள் பக்கம் வைத்தார்.

நான்கே வரி. இனி பெண்களுக்கு ஒதுக்கப்பட்ட உள்ளாட்சி வார்டுகளில் யாரை நிறுத்துவது என்பதை மகளிர் அணி பரிந்துரைக்காது. அந்தந்த மாவட்டச் செயலாளரே முடிவு செய்வார். அவள் இரண்டு தடவை படித்தாள். இந்தத் தடவை முதல் வாசிப்பிலேயே புரிந்தது. நம்ப முடியாமல்தான் இரண்டாவது தடவை. இருபத்திரண்டு வருஷத்தில் மகளிர் அணி கையில் மிச்சமிருந்த ஒரே அதிகாரம் அது. அதைப் பெண்களே அந்த இருநூற்று நாற்பதில் சேர்ந்து வேண்டாம் என்று எழுதிக் கொடுத்ததாகக் கோப்பு சொல்கிறது. மூன்று நாளாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தவளுக்கு முதல் தடவையாக ஒரு விஷயம் மட்டும் தெளிவாக இருந்தது. மற்றதெல்லாம் இன்னும் கலங்கல்தான். தங்கை முகம் கண் முன்னால் வந்தது, சின்னவளின் பள்ளிக்கூடப் பையும் வந்தது. பேனாவை மூடிக் கடிதத்தின் மேல் வைத்தாள்.

"இந்தக் கையெழுத்து என்னோடது இல்லைங்க. யார் போட்டதுன்னு நான் சொல்லப்போறதும் இல்ல," என்றாள். "ஆனா ஓட்டு என்னோடதுதான்."

தலைவருக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. கையெழுத்து உங்களுடையது இல்லையென்றால் ஓட்டு எப்படி உங்களுடையதாகும் என்று கேட்டார். என்னிடம் தாள் வந்திருந்தால் அந்தக் கட்டத்தில்தான் குறித்திருப்பேன், வரவில்லை, ஆனாலும் சரியான இடத்தில்தான் விழுந்திருக்கிறது என்று தட்டுத் தடுமாறிச் சொன்னாள். நீக்குவதானால் இந்த ஓட்டுக்காக நீக்குங்கள், கட்டம் மாறிப் போட்டதற்காக மன்னித்து வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னாள். சொல்லிவிட்டுப் பயந்துபோய் நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

குற்றத்தை ஏற்கிறார் என்று எழுதுவதா, மறுக்கிறார் என்று எழுதுவதா என்று எழுத்தர் தாழ்ந்த குரலில் கேட்டார். தலைவருக்கும் தெரியவில்லை. தலையாட்டுகிறவர் எந்தப் பக்கம் ஆட்டுவதென்று புரியாமல் சும்மா இருந்தார்.

பேராசிரியை ஏழாம் தீர்மானத்தின் வாக்குத் தாள் கட்டைத் தன் பக்கம் இழுத்தார். அவரும் வேறொரு மாவட்டத்திலிருந்து வந்த மாநிலக் குழு உறுப்பினர்தான். பக்கம் பக்கமாகப் புரட்டிக்கொண்டே போய் ஒரு தாளில் நின்றார். ஆடிய கண்ணாடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தார். அவர் பெயர். ஆதரவுக் கட்டத்தில் குறி. கீழே கையெழுத்து. வருகைப் பதிவேட்டை இழுத்து, காலையில் தான் போட்ட கையெழுத்தோடு அதை ஒத்துப் பார்த்தார்; இரண்டும் வேறு. பிறகு கண்ணாடியக்காவை நிமிர்ந்து பார்த்துவிட்டு, எழுத்தர் பக்கம் திரும்பினார்.

"எதிர்ப்பு ரெண்டுன்னு எழுதுங்க," என்றார்.

எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று தெரியாமல் எழுத்தர் பேனாவைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தார்.