கார்மக் டெவானியின் ஐந்து வாக்கியங்கள்

அயர்லாந்தில் இன்னும் ஐரிஷ் பேசும் ஊர் எங்களுடையது. இங்கே குழாயில் மூன்று வருடமாகத் தண்ணீர் பழுப்பாகத்தான் வருகிறது. கொதிக்கவைத்துக் குடியுங்கள் என்று கவுன்சில் நோட்டீஸ் ஒட்டியது. அது இற்றுப்போனதும் கடமை தவறாமல் புது நோட்டீஸ் ஒட்டியது. என் தங்கை கைக்குழந்தையைப் பாட்டில் தண்ணீரில் குளிப்பாட்டுகிறாள். அதனால்தான், கவுன்சில் தேர்தலில் நிற்கும் கால்வே நகரத்து கார்மக் டெவானி என் கடைக்குள் வந்தபோது நான் அவரைத் துரத்தவில்லை.

"பார்ப்ரா, ஐரிஷ்ல அஞ்சு வாக்கியம் சொல்லிக் குடுங்க. வியாழக்கிழமை உங்க ஊர்ல கூட்டம்."

"ஸ்கூல்ல பதினாலு வருஷம் ஐரிஷ் படிச்சீங்களே?"

"கக்கூஸுக்குப் போகட்டுமான்னு கேட்பேன். அது மட்டும் சுத்தமா வரும்."

"அதை வெச்சு ஓட்டுக் கேட்க முடியாது. சரி, சொல்லித் தரேன். ஆனா தண்ணி என்னிக்கு சரியாகும்னு கூட்டத்துல தேதி சொல்லணும்."

"சத்தியமா சொல்றேன்."

கல்லாவில் நின்றபடியே மூன்று நாள் சொல்லிக்கொடுத்தேன். எங்கள் மொழியில் வணக்கம் என்பதே ஒரு வாழ்த்து. 'தியா க்விட்', கடவுள் உன்னோடு இருக்கட்டும் என்று ஒருவர் சொன்னால், மரியாளையும் சேர்த்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். வாழ்த்தை வாங்கிக்கொண்டு வாயை மூடிக்கொள்பவனை எங்கள் ஊரில் மனுஷனாகவே மதிக்க மாட்டார்கள்.

"பிடிக்காதவன் சொன்னாலுமா?" என்றார்.

"பிடிக்காதவன் சொன்னா இன்னும் கொஞ்சம் நீட்டிச் சொல்லுவோம்."

அதை மட்டும் நோட்டில் எழுதி அடிக்கோடிட்டார். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை கூடம் நிறைந்திருந்தது. ஐரிஷில் வணக்கம் சொன்னார்; தொண்ணூறு பேரும் மரியாளைச் சேர்த்துத் திருப்பிச் சொன்னோம். கைதட்டல் அடங்கவே ஒரு நிமிடம் ஆனது. நகரத்துக்காரன் எங்கள் மொழியில் இரண்டு வார்த்தை பேசினால் போதும், எங்களுக்கு உச்சி குளிர்ந்துவிடும். அப்புறம் நாற்பது நிமிடம் இங்கிலீஷில் சைக்கிள் பாதையைப் பற்றிப் பேசினார்.

பள்ளிப் பேருந்து ஓட்டும் நோரீன் எழுந்தாள். அவர் நழுவக் கூடாதென்று இங்கிலீஷிலேயே கேட்டாள்.

"நல்ல தண்ணி எப்ப வரும்?"

டெவானி நெஞ்சில் கை வைத்து ஐரிஷில் சொன்னார்: "இங்க இருக்கிற எல்லாரையும் கடவுள் காப்பாத்தட்டும்."

"உங்களையும் காப்பாத்தட்டும்!" என்றது கூடம். நோரீனும்தான் சொன்னாள்.

"அதெல்லாம் சரி. எந்த மாசம்?"

பாட்டில் தண்ணீர் ஊற்றிய கிளாஸை உயர்த்தி, எங்கள் ஆரோக்கியத்துக்கு என்றார். உங்கள் ஆரோக்கியத்துக்கும் என்றோம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தேதியைச் சொல்லுங்கய்யா!" என்று கத்தினேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். கோட்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, நான் சொல்லிக்கொடுத்த உச்சரிப்பு துளியும் பிசகாமல் சொன்னார்: "ஸ்லான் அவாலியா." பத்திரமா வீடு போய்ச் சேருங்க.

"நீங்களும் பத்திரமாப் போங்க!" என்றோம். விடைபெற்றுக்கொண்ட பிறகு உட்கார்ந்திருப்பது மரியாதை இல்லை. நாற்காலிகள் நகர்ந்தன, கோட்டுகளை மாட்டிக்கொண்டோம். கூட்டம் முடிந்துவிட்டது.

வெளியே நோரீன் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"எந்த எருமைடி அவனுக்கு இதெல்லாம் சொல்லிக் குடுத்துச்சு?"

வெட்கமாக இருந்தது. அன்று நான் பதில் சொல்லாமல் விட்டது அந்த ஒன்றுக்கு மட்டும்தான்.