கை தட்டினால் வரும் தருமா

கை தட்டினால் எங்கள் புத்தர் கோயில் குளத்துக் கெண்டைகள் கரைக்கு வந்துவிடும். என் கணவர் ரியோகாய் தலைமைக் குருவாக இருந்த காலமெல்லாம், காலைப் பூசை முடிந்ததும் தண்ணீரை ஒட்டிய வராந்தா விளிம்பில் உட்கார்ந்து தட்டுவார். முதலில் வருவது ஒரு கிழட்டுச் சிவப்புக் கெண்டை. அதற்குத் தருமா என்று பெயர் வைத்திருந்தார்.

போன குளிர்காலத்தில் அவருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை விழுந்துவிட்டது, பேச்சும் போயிற்று. செர்ரி பூத்த ஒரு நாள் அவரைக் குளத்தைப் பார்க்க அங்கே உட்கார வைத்தேன். இடக்கையால் என் கையைப் பிடித்து விரித்து, உள்ளங்கையில் படீரென்று ஓர் அடி போட்டார். தருமா வந்தது.

"வந்துட்டான்," என்றார்.

நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். அன்றிலிருந்து அவர் பேசும் ஒரே சொல் அதுதான். இத்தனை வருஷம் சோறு பொங்கிப் போட்ட என் பெயர்கூட அவர் வாயில் வரவில்லை. மீனுக்குத்தான் அந்த யோகம்!

பிறகு அந்தப் பாழாய்ப்போன நாரை வந்தது. சின்ன மீன்களைக் கொத்திக்கொண்டு போனது. அவருக்குக் காய்ச்சல் கண்டு நாங்கள் தட்டாத நாட்களில் அது எட்டிப்பார்க்கவே இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. கைதட்டலை அதுவும் கற்றுக்கொண்டிருக்கிறது.

குளத்துக்கு மேலே வலை கட்ட அனுமதி கேட்டேன். தொல்சின்ன அலுவலகத்திலிருந்து ஒரு பையன் வந்து இடுப்பு ஒடியக் குனிந்து வணங்கினான்.

"மன்னிக்கணும்மா. பழைய தோட்டம், காட்சி கெடக்கூடாது."

"அப்ப நாரையைப் பிடிச்சுட்டுப் போ."

"அதையும் பிடிக்கக்கூடாதும்மா."

"குளத்துக்குச் சட்டம், நாரைக்குச் சட்டம். மீனு மட்டும் நாதியத்ததா?"

அவன் இன்னொரு முறை குனிந்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மகன் எஷின் துடைப்பத்தோடு கரையில் காவல் நின்றான். நாரை வரவில்லை. அவன் நிழலுக்குப் பயந்து தருமாவும் வரவில்லை.

"தட்டாம இருங்கம்மா. அவ்வளவுதானே?" என்றான்.

"அவ்வளவுதானா? உங்கப்பா வாயில மிச்சம் இருக்குறதே அந்த ஒரு சொல்லுதான்டா!"

ஆனாலும் மறுநாள் கையை மடிக்குள் ஒளித்துக்கொண்டேன். அவர் தேடினார். பிறகு கஞ்சிக் கரண்டியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரண்டு நாள் பொறுத்தேன், அதற்கு மேல் முடியவில்லை.

எஷின் ஒரு சாவு வீட்டுக்கு மந்திரம் ஓதப் போயிருந்த காலையில் கையை நீட்டினேன். அவர் தட்டினார். குளத்து நடுவிலுள்ள தீவின் பைன் மரத்திலிருந்து நாரை கரையோரம் இறங்கியது. பாலத்தடியிலிருந்து சிவப்பு முதுகு நகர்ந்து வந்தது.

"வந்துட்டான்!" என்று சிரித்தார்.

"போ சனியனே!" என்று கத்தினேன். செருப்பைக் கழற்றி வீசினேன், எங்கோ விழுந்தது. எழுந்து ஓடப் பார்த்தால் அவர் என் கையைக் கெட்டியாகப் பிடித்திருந்தார். இழுத்தால் அவர் குளத்தில் விழுவார். உட்கார்ந்தபடியே பார்த்தேன். அலகு இறங்கியது, மறுபடி இறங்கியது. அத்தனை பெரிய மீனைத் தூக்க முடியாமல், குத்திப்போட்டுவிட்டு நாரை பறந்துபோனது. தருமா ஒருக்களித்து மிதந்து அல்லி இலைகளுக்குள் போய்விட்டது.

அவர் வெறும் தண்ணீரைப் பார்த்தார். மறுபடி என் உள்ளங்கையில் தட்டினார். பிறகு இன்னும் பலமாக.

"வருவான். கொஞ்சம் பொறுங்க," என்றேன்.

என் கை சிவந்துபோனது. எஷின் திரும்பி வரும்வரை அவர் தட்டிக்கொண்டே இருந்தார், நானும் கையை எடுக்கவில்லை.