சார்லஸ் சார் பூட்டி வைத்த பேட்ஜ்

நான் "எக்ஸ்ரே!" என்று சத்தம் போட்டால் போதும், ஐசியுவில் இருக்கிற நர்ஸ்கள் எல்லாரும் வெளியே ஓடிவிடுவார்கள். உள்ளே மிச்சம் நானும், நான் தள்ளிக்கொண்டு போன மெஷினும், நோயாளியும்தான். நாகல் நகர் பக்கம் இந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் சேர்ந்து நாலு மாசமாக இதுதான் என் பொழப்பு.

இன்று காலை, எக்ஸ்ரே கதிர் உடம்பில் படாமல் தடுக்கிற, விரிசல் விட்ட ஈய ஏப்ரனைத் தூக்கிக்கொண்டு மேனேஜர் சார்லஸ் சாரிடம் போய்ப் புதுசு கேட்டேன். அவர் சிரித்த முகமாக ஒரு தாளை நீட்டினார்.

"மூணு மாசத்துல உன் மேல கதிரே படலையாம் ஷைனி. ஜீரோ! ஏப்ரனுக்கு இப்ப என்னம்மா அவசரம்?"

"கதிரை அளக்கிற பேட்ஜை எனக்கு இன்னும் தரவே இல்லையே சார். சட்டையில குத்தாம எப்படி அளந்தாங்க?"

அவர் பீரோவைத் திறந்து காட்டினார். உள்ளே அடுத்த மூணு மாசத்துக்கு வந்த புது பேட்ஜ், கவர்கூடப் பிரிக்காமல் இருந்தது.

"முன்னாடி இருந்த பிள்ளை ரெண்டைத் தொலைச்சுட்டா. அதான் உன்னோட முதல் பேட்ஜையும் நானே இப்படித்தான் பத்திரமா பூட்டி வச்சிருந்து, மூணு மாசம் முடிஞ்சதும் அளக்க அனுப்பிச்சேன். நல்லதுதானம்மா செஞ்சேன்?"

நல்ல மனுஷன்தான். ரெண்டு மாசத்துக்கு முன்னால் அவர் அப்பா ஐசியுவில் கிடந்தபோது வாசலில் நின்று அழுதவர். வந்த கோபத்தை விழுங்கிக்கொண்டு சொன்னேன்.

"உங்க அப்பா உட்கார முடியாம சாய்ஞ்சு சாய்ஞ்சு விழுந்தாருல்ல? நர்ஸ் வெளிய நின்னு சுவிட்சை அமுக்க, ஒவ்வொரு படத்துக்கும் அவரு தோளைப் பிடிச்சுக்கிட்டு நின்னது நான். அந்த ஜீரோ உங்க பீரோவுக்கு சார். எனக்கில்ல."