பொன்னுத்தாய்க்குக் கிடைத்த இடம்

மட்டாஞ்சேரியில் சுக்குக் கிடங்குக்குப் பின்னால் எங்கள் சந்து. பதினேழு குடிசை, எல்லாரும் உசிலம்பட்டிப் பக்கம். எண்பத்து நாலில் காலி பண்ணச் சொல்லி நோட்டீஸ் ஒட்டினார்கள். எழுபத்தைந்துக்கு முன்பே குடியிருந்ததற்கு எழுத்தில் ஏதாவது இருந்தால் மாற்று இடம் உண்டாம். எங்கள் ரேஷன் கார்டுகள் எல்லாம் ஊரில்தான் இருந்தன.

எங்களில் ஒச்சம்மாளுக்குத்தான் கல்யாணராமன் நினைவு வந்தது. மானிடவியல் ஆராய்ச்சி என்று எழுபத்து நாலில் வந்து, அவள் பக்கத்துக் குடிசையில் ஒரு வருஷம் தங்கி, யார் யாருக்கு என்ன முறை, எந்த வீட்டில் எத்தனை பேர் என்று எழுதினவர். அவள் வேகவைத்த கப்பைக்கிழங்கைத் தின்றவர். இப்போது பேராசிரியர். எறணாகுளத்தில் ஒரு கருத்தரங்குக்கு வந்திருப்பதாகக் கிடங்குக் கணக்கர் சொல்ல, நானும் அவளும் போட் ஏறிப் போனோம்.

எங்களை மறக்கவில்லை. சாயா வாங்கித் தந்தார். தன் இங்கிலீஷ் புத்தகத்தைக் கொடுத்து, இதில் இருப்பது நீங்கள்தான் என்றார். ஆனால் சந்துக்கு வேறு பேர். ஒச்சம்மாளுக்குப் பொன்னுத்தாய் என்று பேர். எங்களுக்குக் கெடுதல் வரக்கூடாதென்று மாற்றினாராம். அன்றைய நோட்டுகளையும் அதற்காகவே எரித்துவிட்டாராம்.

"அப்ப நீங்களே விசாரணைக்கு வந்து சொல்லுங்க சாரே, பொன்னுத்தாய் இவதான்னு," என்றேன் நான்.

அவர் வெகுநேரம் பேசினார். அடுத்தவருக்காகப் பேசத் தங்களுக்கு என்ன உரிமை என்று இப்போது அவர்கள் துறையிலேயே கேட்கிறார்களாம். அன்று காலை அவர் வாசித்த கட்டுரையும் அதுதானாம். அவர் வந்து பேசினால் எங்கள் குரல் அமுங்கிப்போகுமாம்.

"நாந்தானே பேசச் சொல்றேன்," என்றாள் ஒச்சம்மாள். "அதுக்கு மேல என்ன உரிமை வேணும் ஒங்களுக்கு?"

இது முக்கியமான கேள்வி என்று குறித்துக்கொண்டார். வரவில்லை.

விசாரணைக்கு அவள் புத்தகத்தோடு போனாள். பக்கத்துக்கு அடையாளமாகத் தீக்குச்சி வைத்திருந்தாள். அதிகாரி புரட்டிப் பார்த்து, அவள் பேர் எங்கே என்று கேட்டார்.

"பொன்னுத்தாய்ன்னு இருக்குல்ல சாரே, அது நாந்தான்."

"அப்போ பொன்னுத்தாய்க்கு ஸ்தலம் கொடுக்காம்," என்றார் மலையாளத்தில். இடத்தைப் பொன்னுத்தாய்க்கே கொடுத்துவிடலாமாம். ஆபீஸே சிரித்தது.

மழைக்கு முன்னால் இடித்தார்கள். நாங்கள் சிலர் கலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சாக்கு கட்டி இருக்கிறோம். கிடங்குக்குக் கல்யாணராமன் கடிதம் ஒன்று வந்தது. காலி செய்த அனுபவத்தைப் பற்றிக் கேட்டு எழுத வேண்டும், எங்கே வந்து பார்க்கலாம் என்று.

உறைமேல் ஒச்சம்மாள் என்ற பேரும் எங்கள் சந்தின் பேரும் பிழையில்லாமல் இருந்தன.