இரண்டாவது கையெழுத்து

ஆய்வகத்தில் ஒற்றை ஆளாக வேலை செய்யக் கூடாது என்பது எங்கள் வேதியியல் துறையின் சட்டம். பதிவேட்டில் இரண்டு கையெழுத்து விழுந்தால்தான் காப்பாளர் ஸ்டாமென் மாமா சாவியைத் தருவார். சட்டம் போட்டவர்களைவிட எங்களுக்கு மூளை அதிகம் என்று நினைப்பு. இரண்டு பேராகப் போய்க் கையெழுத்துப் போடுவோம். பிறகு ஒருத்தி தன் வெள்ளை அங்கியை முக்காலியில் போட்டுவிட்டுப் பின்படி வழியாக நழுவிவிடுவாள். இதற்குப் ‘பெயர் இரவல்’ என்று நாமகரணம் வேறு. என் வகுப்புத் தோழி தெமெனுகா எனக்கு இரண்டு முறை இரவல் தந்திருக்கிறாள்.

டிசம்பர் ஆறாம் தேதி என் முறை. அன்று புனித நிக்கோலா நாள், அந்தப் பெயர்க்காரர்கள் வீட்டில் எல்லாம் விருந்து. என் அப்பாவின் பெயர் நிக்கோலா. அக்ரூட் அடைத்த கெண்டை மீன் வீட்டு அடுப்பில் இருக்கும்போது எனக்கு ஆய்வகத்தில் என்ன வேலை? தெமெனுகாவோ மறுநாள் காலை முடிவுகளைக் கொடுத்தாக வேண்டும்.

“எனக்கும் ஒரு துண்டு கொண்டு வாடி. வாலு வேண்டாம்,” என்று மட்டும் சொன்னாள்.

மதியம் இரண்டு மணிக்கு, நடுத்துண்டாகப் பார்த்துத் தாளில் சுற்றிக்கொண்டு திரும்பினேன். முற்றத்தில் கூட்டம். மாடி ஜன்னல் இடுக்கில் பழுப்புப் புகை. கீழே தெமெனுகா நினைவில்லாமல் கிடந்தாள். நைட்ரிக் அமிலக் கழிவை ஆல்கஹால் கழிவு இருந்த பாட்டிலில் ஊற்றி மூடிவிட்டாளாம், அது வெடித்துவிட்டது. பக்கத்தில் ஓர் ஆள் இருந்திருந்தால், அது வேறு பாட்டில் என்று சொல்லியிருக்கலாம். அந்த ஆள் நான்தான்.

அவள் மார்பு ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் எல்லோரும் என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்ப்பது தெரிந்தது. கூடப் படிக்கும் அசென் என் தோளைப் பிடித்தான்.

“ஸ்லாவ்கா, நீ எப்படி வெளியே வந்தே?”

“நான் உள்ளேயே இல்லையேடா.”

அவன் முகம் வெளுத்துவிட்டது. “மாமா உன்னைத் தேடி மறுபடி உள்ளே போயிருக்காரு.”

தெமெனுகாவைத் தூக்கிவந்து போட்டவர், பதிவேட்டில் இரண்டு பெயர் இருக்கிறது என்று சொல்லிவிட்டு, ஈரத்துண்டை முகத்தில் கட்டிக்கொண்டு படியேறியிருக்கிறார். தீயணைப்பு வண்டி இன்னும் வரவில்லை. நான் இங்கே இருக்கிறேன் என்று தொண்டை கிழியக் கத்தினேன். குளிருக்கு எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. மேலே ஓடப் போனவளை அசென் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

கொஞ்ச நேரத்தில் அவரே இறங்கி வந்தார். கையில் என் வெள்ளை அங்கி. ஒவ்வொரு மேசையின் அடியிலும் தேடியிருக்கிறார். என்னைப் பார்த்ததும் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார்.

“பின்படி வழியா வந்துட்டியா? கெட்டிக்காரி.”

இல்லை மாமா என்று சொல்ல வாய் வரவில்லை. பயந்தாங்கொள்ளி நான், தலையைக் குனிந்துகொண்டேன். ஒரு மணி நேரம் அவர் நன்றாகத்தான் பேசினார். காபிகூடக் கேட்டார். அந்தப் புகை நுரையீரலை மெதுவாகத்தான் தின்னும் என்று பிறகு மருத்துவமனையில் மருத்துவர் சொன்னார். விடியற்காலை ஆறு மணிக்கு ஸ்டாமென் மாமா இறந்துபோனார். தெமெனுகா கண் விழித்துவிட்டாள்.

மருத்துவமனை நடையில் அவர் மனைவி பென்கா அத்தை உட்கார்ந்திருந்தார். அழவில்லை. கல்லூரிப் பிள்ளை என்று தெரிந்ததும் என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“அவர் திரும்பிப் போய்த் தேடினாரே ஒரு பொண்ணு, அவளாவது பிழைச்சாளாம்மா?”

“நான்தான் அத்தை அது.”

என் இரண்டு கைகளையும் பற்றிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போதுதான் அவருக்கு அழுகை வந்தது. போன உயிர் வீண் போகவில்லை என்று சொல்லிச் சொல்லி அழுதார். அந்த இடத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் எனக்கு மன்னிப்பே கிடையாது என்று தோன்றியது.

“அத்தை, நான் அங்கே இல்லவே இல்லை. கையெழுத்துப் போட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டேன்.”

அவர் என் கைகளை உடனே விடவில்லை. ஒவ்வொரு விரலாகத்தான் விட்டார்.